திரும்பி வந்த பேணிகள்

சீனி இருக்குமென்று தகரப் பேணி ஒன்றைத் திறந்த வீரகத்தி, உள்ளே நெத்தலிக் கருவாடு இருக்கக் கண்டு மெதுவாக மூடினார். பேணியின் வெளிப்புறத்தில் பால்மா குடித்துக் கொழுத்த குழந்தை ஒன்று அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் பேணியிலும் அதே குழந்தை. அதற்குள் பெருஞ்சீரகம். அதற்கடுத்த பேணியில் குழந்தையின் முகம் துருப்பிடித்துப் போயிருந்தது, உள்ளே உழுந்து இருந்தது.

"இஞ்சாருமப்பா, சீனி எங்க?"

கிணற்றடியிலிருந்து மனைவி விமலேஸ்வரியின் பதில் வந்தது. "ஜாம் போத்தலுக்குப் பின்னால, ஐஸ்கிறீம் பெட்டிக்குக் கீழ, மூடி இல்லாத பேணிக்குள்ள ஒரு சின்னப் பேணி இருக்கு. அதுக்குள்ள பாருங்கோ."

"நேற்று அதுக்குள்ள மஞ்சள் கிடந்தது."

"மஞ்சள் முடிஞ்சுது, சீனியை மாத்தினனான். இதுகூடத் தெரியாமல் என்ன குடும்பம் நடத்திறியள்?"

வீரகத்தி ஒரு துண்டுப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வயலுக்குப் போனார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் தன் கையால் சீனி எடுத்துப் போட்டதில்லை. அதற்கு அவர் சோம்பேறி என்பது காரணமில்லை, கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் காரணம்.

ஸ்கந்தபுரத்தில் அந்த ஒழுங்கையின் கடைசி வீடு விமலேஸ்வரியுடையது. அவள் சமைக்கும் குசினியின் சுவர் முழுவதும் மரத் தட்டுகள், தட்டு முழுவதும் பேணிகள். பால்மாப் பேணி, பிஸ்கற் பேணி, மாஜரீன் டப்பி, மூடி ஒரு நிறமும் உடம்பு ஒரு நிறமுமான போத்தல்கள். அவள் எதையும் எறிய மாட்டாள். அதற்கு நியாயம் இருந்தது. இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் ஒரேயொரு பேணிதான் அவளோடு மிஞ்சியது. முகாமில் அதில் தண்ணீர் அள்ளிக் குளித்து, அதையே கழுவித் தேத்தண்ணீர் வைத்து, பின்னேரம் அதிலேயே கஞ்சியும் காய்ச்சியவள் அவள். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு, மூடியோடு ஒரு பேணி கையில் அகப்பட்டால் அதை எறிகிற மனம் அவளுக்கு வரவேயில்லை. அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு நிமிரும்.

ஆனால் இப்போது அந்தச் சுவரே அவளுக்கு எதிரியாகிவிட்டது. காரணம், ஒரு பலகை.

பலகை தொங்கியது பக்கத்து வீட்டுச் சுமித்திராவின் வாசல் படலையில். 'சிறந்த வீட்டுத்தோட்டம்' என்று பச்சை எழுத்தில் எழுதியிருக்கும். போன வருடம் மாதர் சங்கம் நடத்திய போட்டியில் கிடைத்தது. போட்டிக்கு முதல்நாள் விமலேஸ்வரியின் பயிற்றங்கொடியை யாரோ வீட்டு மாடு பந்தலோடு சேர்த்துத் தின்றிராவிட்டால் அந்தப் பலகை எந்தப் படலையில் தொங்கியிருக்கும் என்பது ஊரறிந்த விசயம். குறைந்தபட்சம் விமலேஸ்வரி அறிந்த விசயம். சுமித்திரா தினமும் காலையில் ஈரத்துணியால் அந்தப் பலகையைத் துடைப்பாள். விமலேஸ்வரி முற்றம் கூட்டுகிற நேரம் பார்த்துத்தான் துடைப்பாள்.

இந்த வருடம் குசினிப் போட்டி. சங்கக் கூட்டத்தில் செயலாளர் சுதர்சினி எழும்பி அறிவித்தாள். கிளிநொச்சியிலிருந்து ஒரு நிறுவனத்து மிஸ் வந்து பார்ப்பா, அதிகம் செலவழிக்காமல் சாமான்களைச் சேமித்து ஒழுங்காக வைத்திருக்கிற குசினிக்குப் பரிசு, வெல்கிறவரின் படலையில் 'மாதிரிக் குசினி' என்று பலகை மாட்டப்படும்.

பலகை என்ற சொல்லோடு விமலேஸ்வரியின் காது அடைத்துவிட்டது. மற்றப் பெண்கள் கலையும் வரை சேலைத் தலைப்பை மடித்து மடித்து நேரம் கடத்திவிட்டு, சுதர்சினியை ஒதுக்குப்புறமாக அழைத்தாள்.

"பிள்ளை, என்ர பேரைப் போடும். ஆனால் எங்கட ஒழுங்கைச் சனத்துக்கு மூச்சும் விடக் கூடாது."

"பயப்பிடாதேங்கோ அன்ரி. நான் ஒருத்தற்ற பேரையும் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

"முக்கியமா சுமித்திராவுக்கு."

"முக்கியமா சுமித்திராக்காவுக்கு" என்றாள் சுதர்சினி. அப்படிச் சொல்லும்போது அவள் ஏனோ உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மல்லாவியில் கடை வைத்திருக்கும் தம்பி கோகுலனுக்கு அன்றே தொலைபேசி போனது. கடைகளில் டொபி நிரப்பி வைத்திருக்கும் பெரிய கண்ணாடி மாதிரியான பிளாஸ்ரிக் போத்தல்கள், சிவப்பு மூடி போட்டவை, வெறுமையானதும் கோகுலன் அவற்றைப் பின்பக்கத்தில் குவித்து வைப்பான். அக்கா கேட்டதும் ஒரு உரப்பையில் போட்டு பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டான்.

கழுவித் துடைத்து வரிசையாக வைத்துப் பார்த்தபோது விமலேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே உயரம், ஒரே அகலம், ஒரே சிவப்பு மூடி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காலைப் பிரார்த்தனைக்கு நிற்பதுபோல நின்றன.

"ஒரு சதம் செலவில்லை" என்றாள் கணவனிடம். "இதுக்குள்ள சீனி இருந்தால் வெளியிலயே தெரியும்."

வீரகத்திக்கு அந்த வசனம் பிடித்திருந்தது. "அப்ப பழைய பேணியள்?"

அங்கேதான் சிக்கல். புதுப் போத்தல்களைத் தட்டில் வைக்க வேண்டுமென்றால் பழைய பேணிகள் இறங்க வேண்டும். எறிய முடியாது. பழைய இரும்பு வாங்க வருகிறவனிடம் கொடுப்பதென்றால், கஞ்சி காய்ச்சிய பேணியை நசுக்கி எடை பார்ப்பதை அவள் நின்று பார்க்க வேண்டும். அவளால் முடியாது. யாராவது வைத்துப் பாவித்தால் நல்லது. ஆனால் "எனக்கு வேண்டாம், நீ வைச்சுக்கொள்" என்று துருப்பிடித்த பேணியை யாரிடம் நீட்டுவது?

பயத்தம் பணியாரம் சுடும்போது அவளுக்கு வழி பிறந்தது. பணியாரத்தைப் பேணியில் போட்டுக் கொடுத்தால் பேணியும் மரியாதையாகப் போய்விடும்.

முதலில் சுமித்திரா வீட்டுக்கு. நெளிந்த பிஸ்கற் பேணி நிறையப் பணியாரம்.

"எதுக்கக்கா இவ்வளவு?" என்று சுமித்திரா படலையடியில் நின்று வாங்கினாள்.

"சும்மாதான். பேணி அவசரமில்லை. நீர் வைச்சுப் பாவியும்."

"சே, அப்பிடிச் சொல்லலாமோ."

எதிர்வீட்டு ஜெயரூபிக்கு இரண்டு பேணி. அதற்கு அப்பால் உள்ள வீடுகளுக்கும் ஒவ்வொன்று. பின்னேரம் தட்டில் ஒரு மூலை வெளித்தது. விமலேஸ்வரி அந்த மூலையில் சிவப்பு மூடிப் போத்தல்களை வைத்து, சற்றுத் தள்ளி நின்று, தலையைச் சரித்துப் பார்த்து ரசித்தாள்.

அடுத்தநாள் காலை படலையில் இருமல் சத்தம் கேட்டது. சுமித்திராவின் மாமனார் ஏரம்பு. வயது போன மனிதர், சொல்லி அனுப்புகிற வேலையை ஒன்றும் கூட்டாமல் ஒன்றும் குறைக்காமல் செய்கிறவர். ஒரு கையில் நெளிந்த பிஸ்கற் பேணி. மறு கையில் ஒரு ஐஸ்கிறீம் பெட்டி.

"மருமகள் தந்துவிட்டவ, பிள்ளை. பேணிக்குள்ள எலுமிச்சங்காய் ஊறுகாய். பெட்டிக்குள்ள எள்ளுருண்டை."

வன்னியில் எந்த வீட்டிலும் சாப்பாடு வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பிப் போகாது. ஒரு பிடி அரிசியாவது, நாலு தேசிக்காயாவது அதற்குள் இருக்கும். விமலேஸ்வரி இதைப் பிறந்த நாளிலிருந்து அறிவாள், தானும் அப்படித்தான் செய்வாள். திட்டம் போட்டபோது மட்டும் அது எப்படியோ மறந்துவிட்டது.

மத்தியானத்துக்குள் ஜெயரூபி இரண்டு பேணியில் ஒடியல் மாவும் மோர்மிளகாயும் அனுப்பினாள், கூடவே மாஜரீன் டப்பி ஒன்றில் வடகம். மற்ற வீடுகளும் அப்படியே. போன பேணி எல்லாம் வந்துவிட்டது, போகாத பேணியும் வந்துவிட்டது.

"இப்ப என்ன செய்யப் போறீர்?" என்று வீரகத்தி கேட்டார்.

"அவையின்ர டப்பி, பெட்டியைத் திருப்பிக் குடுக்க வேணும்."

"குடுமன்."

"வெறுமையா எப்பிடிக் குடுக்கிறது?"

ஆகவே முறுக்குப் பிழிந்தாள். முறுக்குப் போன பெட்டி வடையோடு வந்தது, பின்னால் ஒரு தயிர்ச் சட்டியும் வந்தது. தயிர்ச் சட்டியில் அரியதரம் போட்டு அனுப்பினாள். சட்டி புளியோடு வந்தது, கூடவே இரண்டு யோகட் கோப்பையில் மிளகாய்த்தூள். ஒரு வீட்டுக்கு ஒன்று போனால் இரண்டு வந்தது. குசினித் தட்டில் வெளித்த மூலை மூடிவிட்டது. பிறகு மேசை மூடியது. பிறகு அம்மியும் மூடியது.

வீரகத்தி மத்தியானம் சோற்றுக்குப் பதிலாக முறுக்குச் சாப்பிடத் தொடங்கினார். குறை சொல்லவில்லை. ஒருநாள் மட்டும், "இவ்வளவும் சனம் ஏன் அனுப்புதெண்டு எனக்கு விளங்கேல்ல" என்றார்.

"உங்களுக்கு விளங்காது" என்றாள் விமலேஸ்வரி. "இது அன்பு."

சொல்லும்போது சலிப்போடுதான் சொன்னாள். ஆனால் சொன்ன பிறகு அந்தச் சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. யோசித்துப் பார்த்தாள். இந்த ஒழுங்கையில் வேறு எந்த வீட்டுக்கு இப்படி வருகிறது? தன் கைச்சமையல் சாப்பிட்டவர்கள் சும்மா இருக்க முடியாமல்தானே அனுப்புகிறார்கள். சுமித்திராவிடம் பலகை இருக்கிறது, என்னிடம் சனம் இருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு உச்சி குளிர்ந்தது. அன்று பின்னேரம் இன்னும் கொஞ்சம் உழுந்து ஊறப்போட்டாள்.

பெருமை பெருமைதான், போட்டி போட்டிதான். நாள் நெருங்க நெருங்கக் கலக்கமும் கூடியது. அதிலும் ஒரு அவசரத்தில், கையில் வெறும் பேணி வேறொன்றும் அகப்படாமல், ஒரு சிவப்பு மூடிப் போத்தலிலேயே முறுக்கைப் போட்டுச் சுமித்திராவுக்கு அனுப்பிவிட்டாள். துருப்பிடித்த பேணி எல்லாம் மறுநாளே பறந்து வந்தது. சிவப்பு மூடிப் போத்தல் மட்டும் வரவில்லை. ஜெயரூபி வீட்டுக்கு அதேபோலப் போன சிவப்பு மூடிப் போத்தலும் வரவில்லை. வரிசை நடுவில் பல்லுக் கழன்றதுபோல ஆகிவிட்டது.

கொடுத்த பாத்திரத்தைத் திருப்பிக் கேட்பது வெட்கம் கெட்ட வேலை. அதைவிடத் தெருவில் நின்று சண்டை பிடிக்கலாம், சனம் மன்னிக்கும். ஆகவே விமலேஸ்வரி ஒரு பப்பாசிப்பழத்தைச் சாட்டாக எடுத்துக்கொண்டு சுமித்திரா வீட்டுக்குப் போனாள். குசினிக்குள் எட்டிப் பார்த்தால் போத்தலைக் காணலாம், கண்டால் கதையை அந்தப் பக்கம் திருப்பலாம்.

சுமித்திரா விறாந்தையிலேயே மறித்துவிட்டாள்.

"இதில கதிரையில இருங்கோக்கா. குசினிக்குள்ள ஒரே புகை."

"புகையைக் காணேல்லயே."

"இனித்தான் அக்கா வரும்."

விமலேஸ்வரி இருந்தாள், தேத்தண்ணீர் குடித்தாள், எழும்பி வந்தாள். வழியில் அவளுக்கு விளங்கிவிட்டது. பாவம், குசினியைக் குப்பை மாதிரி வைத்திருக்கிறாள், காட்ட வெட்கப்படுகிறாள். தோட்டம் செய்யத் தெரிந்தவர்களுக்கு எல்லாம் குசினி வராது. அந்த இரக்கத்தில் போத்தலைப் பற்றிய கவலைகூடக் கொஞ்சம் குறைந்தது.

வீட்டுக்கு வந்ததும் பேணிகளை ஒளிக்கிற வேலை தொடங்கியது. முதலில் கட்டிலுக்குக் கீழே அடுக்கினாள். வீரகத்தி வயலால் வந்து களைத்துக் கட்டிலில் இருந்தார். காலை நீட்டினார். நீட்டிய கால் பட்டு எள்ளுருண்டைப் பேணி உருண்டது, அது மற்றதை உருட்டியது, மற்றது தயிர்ச் சட்டியை உடைத்தது.

"கட்டிலுக்குக் கீழ ஆரப்பா?" என்று அவர் எழும்பி நின்றார்.

"ஒருத்தரும் இல்லை. பலகாரம்."

அடுத்ததாக நெல் மூட்டை அடுக்கியிருக்கும் அறைக்கு மாற்றினாள். விடிந்து பார்த்தால் எள்ளுருண்டையைத் தேடி வந்த எறும்பு, வாசலிலிருந்து மூட்டை வரை கறுப்புக் கோடு போட்டிருந்தது. விதை நெல்லுக்கு எறும்பு வந்துவிட்டது என்று வீரகத்தி முதல் தடவையாகச் சத்தம் போட்டார். பேணிகள் திரும்பவும் குசினிக்கு வந்தன.

போட்டிக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை. கடைசி வழியாக, பிள்ளையார் கோயிலுக்குக் கொடுத்துவிடுவதென்று முடிவெடுத்தாள். கோயில் மடைப்பள்ளிக்குப் பேணி தேவைப்படும். சாமிக்குக் கொடுத்தது திரும்பி வராது. நல்லதாகப் பார்த்துச் சில பேணிகளில் பச்சையரிசியும் பயறும் நிரப்பி, வீரகத்தியின் சைக்கிளில் கட்டி அனுப்பினாள்.

விளக்கு வைக்கிற நேரம் கோயில் ஐயர் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தினார். பின் இருக்கையில் பேணிகள்.

"அம்மா, உங்கட அரிசியிலதான் இண்டைக்குப் பொங்கல் வைச்சது. கோயிலுக்குத் தந்தவைக்கு வெறும் பாத்திரம் குடுத்தனுப்பிறது அழகில்லை" என்று எல்லாப் பேணியையும் சக்கரைப் பொங்கலோடு இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

விமலேஸ்வரி குசினி வாசற்படியில் இருந்தாள். பக்கத்தில் வீரகத்தியும் வந்து இருந்தார். இருவரும் பொங்கல் சாப்பிட்டார்கள்.

"விடுமப்பா" என்றார் அவர். "பலகை இல்லாமலும் படலை திறக்கும்."

அவள் பேணி ஒன்றை இறுக்கி மூடினாள். அவளுக்கு வேண்டியது பலகை மட்டுமில்லை. ஒரு பேணியோடு அகதியாகத் திரும்பி வந்தவள் இன்றைக்கு என்ன நிலையில் இருக்கிறாள் என்று ஊருக்கு நாலு எழுத்தில் தெரிய வேண்டும். அதை எப்படி அவரிடம் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. ஒழுங்கை சேறாக இருந்ததால் நிறுவனத்து ஜீப் சந்தியிலேயே நின்றது. டக்சாயினி மிஸ்ஸும் சுதர்சினியும் நடந்து வந்து, கடைசி வீடான விமலேஸ்வரி வீட்டை அடையும்போது மத்தியானமாகிவிட்டது. காலையிலிருந்து அவள் குசினியை விட்டு வெளியே வரவில்லை. பேணிகளை இந்தத் தட்டிலிருந்து அந்தத் தட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். எங்கே மாற்றினாலும் அவை அவ்வளவாகத்தான் இருந்தன.

மிஸ் இளம்பிள்ளை. சப்பாத்து முழுக்கச் சேறு.

"குசினியைப் பாக்கலாமோ அம்மா?"

விமலேஸ்வரி வாசலில் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். "முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ மிஸ். களைச்சுப் போய் வந்திருக்கிறியள்."

"காலமை துவங்கி வீட்டுக்கு வீடு தேத்தண்ணிதான் குடிக்கிறம்."

"எங்கட வீட்டுத் தேத்தண்ணி குடிக்கேல்லத்தானே."

பின்கதவால் குசினிக்குள் போயிருந்த வீரகத்தி, மனைவிக்கு உதவி செய்கிறதாக நினைத்துக் கேத்தலை அடுப்பில் வைத்தார். பிறகு உலகம் கேட்கிற குரலில் கேட்டார்.

"இஞ்சாருமப்பா, சீனி எங்க?"

சுதர்சினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டக்சாயினி மிஸ் விமலேஸ்வரியின் கைக்குக் கீழால் குனிந்து உள்ளே போய்விட்டாள்.

உள்ளே போனவள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். சுவர், மேசை, அம்மி, யன்னல் குந்து எங்கும் பேணி. நடுவில் மிஞ்சியிருந்த சில சிவப்பு மூடிப் போத்தல்கள், திருவிழாவில் தொலைந்த பிள்ளைகள்போல முழித்துக்கொண்டிருந்தன.

"இவ்வளவும் என்ன அம்மா?"

எல்லாம் முடிந்தது என்று விமலேஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது. முடிந்த பிறகு பயப்பட என்ன இருக்கிறது? அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இது என்ர ஒழுங்கைச் சனத்தின்ர அன்பு, மிஸ். இது பக்கத்து வீட்டுச் சுமித்திரா போட்ட ஊறுகாய். இது எதிர்வீட்டு ஜெயரூபியின்ர வடகம், இது அவவின்ர ஒடியல் மா. உது கோயில் பொங்கல். நான் ஒண்டு குடுத்தால் ரண்டாத் திருப்பித் தருவினம். எனக்கு வெறும் பேணி திருப்பித் தந்த சனம் இஞ்ச இல்லை. வடிவா அடுக்கத்தான் பாத்தனான். சனம் விடேல்ல."

மிஸ் ஒரு பேணியைத் திறந்தாள். மூடினாள். இன்னொன்றைத் திறந்தாள். ஊறுகாயில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணைச் சுருக்கினாள். ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனாள். வெறும் பேணி ஒன்றையும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"பேணிக்கு எண்டு என்ன செலவழிச்சியள்?"

"ஒரு சதமும் இல்லை மிஸ். ஒண்டையும் எறியவும் இல்லை."

மிஸ் சுதர்சினியைப் பார்த்தாள். "பாத்தீங்களோ? மற்றக் குசினியள் எல்லாம் கண்ணாடி மாதிரி. ஆனால் போத்தலைத் திறந்தால் அடியில ஒரு பிடி பருப்பு. மிச்சச் சாமான் எங்க எண்டு கேட்டால் முழிக்கினம். இது சேமிப்புப் போட்டி, அலங்காரப் போட்டியில்லை. மழைக்கு ஒழுங்கை அடைபட்டாலும் இந்தக் குசினியில மூண்டு மாதம் சமைக்கலாம்."

பிறகு விமலேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "முதலிடம் உங்களுக்குத்தான் அம்மா."

சீனி போடாத தேத்தண்ணீரோடு வந்த வீரகத்தி அதைக் கேட்டு அப்படியே நின்றார்.

பலகையை ஜீப்பிலிருந்து சுதர்சினியே தூக்கி வந்தாள். வீரகத்தி ஆணி அடித்தார். சிவப்பு எழுத்தில் 'மாதிரிக் குசினி'. மிஸ் அதன் பக்கத்தில் விமலேஸ்வரியை நிறுத்திப் படம் எடுத்தாள், மல்லாவிப் பக்கத்துப் பெண்களையும் கூட்டிவந்து இந்தக் குசினியைக் காட்டப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவர்கள் போன பிறகும் விமலேஸ்வரி படலையடியை விட்டு நகரவில்லை. அழுகை வந்தது, துடைக்காமல் விட்டாள். ஒரு பேணியில் கஞ்சி காய்ச்சிய கைதான் இது என்று நினைத்தாள். தன்னை நினைத்து அவளுக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அதைவிட ஒழுங்கையை நினைத்துப் பெருமையாக இருந்தது.

"கண்டியளோ" என்றாள் கணவனிடம். "போத்தல் வெல்லேல்ல. சனம் வெல்ல வைச்சது. சுமித்திராவை நான் வீணா நினைச்சுப் போட்டன். நாளைக்கே ஒழுங்கை முழுக்கப் பலகாரம் சுட்டுக் குடுக்க வேணும்."

"திரும்பவுமோ?" என்றார் வீரகத்தி.

அப்போது ஒழுங்கையில் ஏரம்பு வருவது தெரிந்தது. கக்கத்தில் ஒரு சாக்கு. அவருக்குப் பின்னால் ஜெயரூபியின் கணவரும் ஒரு சாக்கோடு வந்துகொண்டிருந்தார். விமலேஸ்வரி அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு படலையை அகலத் திறந்தாள்.

"வாங்கோ ஐயா, வாங்கோ. அதுக்குள்ள செய்தி வந்திட்டுதோ? சாக்கு நிறையக் கொண்டுவந்து தரவேணுமோ, உங்கட மனம் எனக்குத் தெரியாதே."

ஏரம்பு பலகையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு சாக்கை உதறி விரித்தார். அதற்குள் ஒன்றுமில்லை.

"பிள்ளை, மிஸ் எங்கட குசினியையும் பாத்து முடிச்சிட்டாவாம், இனி எங்கட பேணியளை எடுத்துக்கொண்டு வரட்டாம், போட்டிக்குப் பேர் குடுத்த நாளில இருந்து அதுகள் மிஸ்ஸின்ர கண்ணில படாமல் இருக்கத்தானே ஒழுங்கை முழுக்க உங்கட வீட்டில கொண்டுவந்து ஒளிச்சு வைச்சது."